என் வண்டிக்கு என்ன நோவுன்னு நான் கேட்கக் கூடாதாம்

போன மாசம் ஒரு வளைகாப்புக்குக் கோயமுத்தூர் போயிருந்தேன். பந்தியில பக்கத்துல உட்கார்ந்தது தங்கச்சி மகன். ஐ.டி. கம்பெனியில வேலை, நல்ல பையன். என் மஞ்சப் பையில மூலை உடைஞ்ச டேப்லெட் ஒண்ணு எட்டிப் பார்த்துட்டு இருந்துச்சு. "இதை இன்னுமா மாமா வெச்சிருக்கீங்க? எதுக்கு?"ன்னான்.

"வண்டிக்கு வைத்தியம் பார்க்க"ன்னேன்.

சிரிச்சுட்டான். "500 ரூவா சைனா டப்பாவைச் சொருகி, ஓசி ஆப்ல பார்க்கறதா? ரிஸ்க் மாமா அதெல்லாம். கம்பெனி சர்வீஸ்ல விட்டா வேலை முடிஞ்சுது. அவங்களே வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போயி, கழுவிக் கொண்டுவந்து விட்டுருவாங்க."

நான் பதில் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள மோர் ஊத்த ஆள் வந்துட்டாங்க. பேச்சு அங்கயே நின்னுபோச்சு. அன்னைக்குத் தொண்டையில நின்னதைத்தான் இன்னைக்கு எழுதறேன். அவனுக்கு மட்டும் இல்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கறவங்கள்ல பாதிப் பேர் அவன் சொன்னதைத்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்.

போன வருஷம் சித்திரையில நடந்தது இது. தக்காளி 80 பெட்டி ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மண்டிக்குக் கிளம்பினேன். என்னோடது 2018-ல எடுத்த டீசல் பிக்கப். ஒரு ஏத்தத்துல ஏறறப்ப மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்ச விளக்கு எரிஞ்சுது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இழுக்கலை. முக்கி முனகி நின்னேபோச்சு. திரும்ப ஸ்டார்ட் ஆகவும் இல்லை. வேற ஒரு வண்டியைக் கூப்பிட்டு, ரோட்டோரத்துல 80 பெட்டியையும் மாத்தி ஏத்தி மண்டிக்குப் போய்ச் சேர்றப்ப மூணு மணி நேரம் லேட். காலைல பெட்டி 380-க்குப் போன காய், நான் போனப்ப 260. அங்க மட்டும் 9,600 ரூவா போச்சு. மாத்தி ஏத்தின வண்டி வாடகை, கூலி எல்லாம் தனி.

எங்க ஊர்லேர்ந்து கம்பெனி சர்வீஸ் 46 கிலோமீட்டர். கட்டி இழுத்துட்டுப் போக 4,500. அங்க ஒரு பையன் ஸ்கேனர் போட்டுப் பார்த்தான். அதுக்குப் பில் 1,200, ஜிஎஸ்டியோட 1,416. பார்த்துட்டு "ஹை பிரஷர் பம்ப் போயிருக்கும்ங்க சார், மாத்தணும். 41,000 வரும். சாமான் வர ஆறு நாள் ஆகும்"ன்னாங்க.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "ஸ்கேனர்ல என்னங்க வந்துச்சு? அந்த நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

"அது எங்க சிஸ்டத்துல இருக்கும்ங்க சார். கஸ்டமருக்குக் குடுக்கற வழக்கம் இல்லை."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன்.

நீங்க ஒரு லேபுக்குப் போறீங்க. ரத்தம் எடுக்கறாங்க, 1,416 ரூவா வாங்கறாங்க. சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டா "அது எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு, உங்களுக்குக் குடுக்கறதில்லை, ஆனா ஆபரேஷன் பண்ணணும், 41,000 கட்டுங்க"ன்னா சும்மா இருப்பீங்களா? ஆஸ்பத்திரி வாசல்லயே சண்டை போடுவீங்க. ரிப்போர்ட்டை வாங்கி இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுவீங்க. அந்த உரிமையை உடம்புக்குக் கேட்கத் தெரிஞ்ச நமக்கு, வண்டிக்குக் கேட்கணும்னு தோணவே மாட்டேங்குது.

வண்டி அங்க நின்ன நேரத்துல ஆறிப்போயி எப்படியோ ஸ்டார்ட் ஆயிருச்சு. காலி வண்டியை 30-லயே ஓட்டி ஊர் வந்து சேர்ந்தேன். நேரா எங்க ஊர் பட்டறை பாய்கிட்ட விட்டேன். 35 வருஷமா டீசல் இன்ஜின் பார்க்கறவர். அவர் பட்டறையில வேலை பழகற பையன், கட்டைவிரல் தண்டி நீலக் கலர் டப்பா ஒண்ணு எடுத்துட்டு வந்தான். "அண்ணே, பெரிய ஸ்கிரீனா ஏதாவது இருக்கா? என் போன் டிஸ்பிளே போயிருச்சு"ன்னான். வீட்டுல மக டேப் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. கொரோனா சமயத்துல ஆன்லைன் கிளாஸுக்குன்னு கடன் வாங்கி எடுத்தது. மூலை உடைஞ்சு, பேட்டரி ரெண்டு மணி நேரம்கூட நிக்காது. அதுல ஆப்பை ஏத்தினான்.

ஸ்டீரிங்குக்குக் கீழ, முழங்காலுக்கு நேரா, 16 ஓட்டை வெச்ச ஒரு பிளக் இருக்கும். அதுல டப்பாவைச் சொருகி, சாவியைப் போட்டு, புளூடூத்ல சேர்த்தான். ரெண்டு நிமிஷத்துல நம்பர் வந்துச்சு. பி 0087. டீசல் ரெயில்ல அழுத்தம் போதலைன்னு அர்த்தம். சர்வீஸ்ல அவங்க சிஸ்டத்துக்குள்ள பத்திரமா பூட்டி வெச்ச ரகசியம் இவ்வளவுதான்.

அதோட விடலை. ஓடற இன்ஜினோட அழுத்தத்தை ஆப்ல நேராவே பார்த்தோம். ஐட்லிங்ல 280 பார், சரியாத்தான் இருக்கு. ஆக்சிலேட்டர் குடுத்தா மேல மேல ஏறணும், ஆனா ஏறாம சரியுது. பாய் டேப்பை ஒரு நிமிஷம் பார்த்தார், இன்ஜின் சத்தத்தை ஒரு நிமிஷம் கேட்டார். "பம்ப் செத்திருந்தா சும்மா நிக்கறப்பவே தள்ளாடும் அண்ணே. இது குடிக்கத் தயாராத்தான் இருக்கு. குடிக்கறதுக்குத்தான் வரலை"ன்னார். டீசல் ஃபில்டரைக் கழட்டினா உள்ள கரிச்சேறு. டேங்கு அடியில துருத் தண்ணி.

குத்தம் யாரோடது? என்னோடது. பங்க்குக்கு அடிக்கடி போக முடியாதுன்னு டீசலை மொத்தமா வாங்கிப் பழைய டிரம்முல வெச்சு ஊத்தற பழக்கம் எனக்கு. அந்த டிரம்மு துருதான் பிக்கப் வயித்துக்குள்ள போயிருக்கு. ஃபில்டர் 950, டேங்கு கழுவ 500, கூலி 200. மொத்தம் 1,650. மாத்தினப்புறம் ஆக்சிலேட்டர் குடுத்தா அழுத்தம் 1,100 பாருக்கு மேல ஜிவ்வுன்னு ஏறுச்சு. மறுநாள் லோடு அடிச்சேன்.

சர்வீஸ்காரங்க வேணும்னே பொய் சொன்னாங்கன்னு நான் சொல்ல வரலை. அவங்களுக்கும் அதே நம்பர்தான் வந்திருக்கும். அந்த நம்பருக்கு பம்பும் ஒரு காரணமா இருக்கலாம், ஃபில்டரும் இருக்கலாம், லீக்கும் இருக்கலாம், சென்சாரும் இருக்கலாம். அவங்க பெரிய சாமான்லேர்ந்து ஆரம்பிச்சாங்க, பாய் சின்ன சாமான்லேர்ந்து ஆரம்பிச்சார். ஆனா அந்த நம்பரை அன்னைக்கே என் கையில குடுத்திருந்தா, அங்கேருந்தே பாய்க்குப் போன் போட்டிருப்பேன். "ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்க அண்ணே"ன்னு அவர் சொல்லியிருப்பார். என் கேள்வி விலையைப் பத்தி இல்லை. என் வண்டி சொன்னதை என்கிட்ட ஏன் மறைக்கறீங்கங்கறதுதான்.

இப்ப மருமகன் சொன்ன "சைனா டப்பா"வுக்கு வர்றேன்.

அந்த 16 ஓட்டைப் பிளக் கம்பெனிக்காரங்க நமக்குப் போட்ட பிச்சை இல்லை. சட்டம் போட வெச்சது. கலிபோர்னியாவுல புகை தாங்காம, வண்டி தன் புகைக் கோளாறைத் தானே கண்டுபிடிச்சுச் சொல்லணும்னு விதி கொண்டுவந்தாங்க. அது வளர்ந்து, 1996 மாடல்லேர்ந்து அமெரிக்காவுல விக்கற எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி பிளக், ஒரே மாதிரி கோடுன்னு ஆச்சு. எந்தத் தெருமுனைப் பட்டறையும் எந்தக் கம்பெனி வண்டியையும் படிக்க முடியணும்ங்கறதுதான் அதோட நோக்கமே. நம்ம நாட்டுல பாரத் ஸ்டேஜ் 4 காலத்துலயே கார்களுக்கு வந்துருச்சு. 2020 ஏப்ரல் 1-ல பிஎஸ் 6 வந்தப்புறம் டூவீலர்ல கூட மஞ்ச விளக்கு எரியுது. 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ள டிராக்டருக்கு 2023 ஜனவரியிலேர்ந்து புதுப் புகை விதி. அதுலயும் கம்ப்யூட்டர் வெச்ச டீசல் இன்ஜின் வந்து உட்கார்ந்துருச்சு. ஸ்பேனரும் காதும் மட்டும் வெச்சுப் பார்த்த காலம் எங்க ஊர்லயும் முடியுது.

இந்தக் கோடுல முதல் எழுத்துக்கு அடுத்த நம்பரைப் பாருங்க. பி 0-ன்னு ஆரம்பிச்சா அது உலகத்துக்கே பொது. பி 1-ன்னு வந்தா பெரும்பாலும் கம்பெனியோட சொந்த பாஷை. என்னோடது பி 0087. உலகத்துல எந்த மூலையில எந்த வண்டியில வந்தாலும் ஒரே அர்த்தம். ஊருக்கே பொதுவான கிணத்துத் தண்ணியைத்தான் "குடுக்கற வழக்கம் இல்லை"ன்னாங்க.

அடுத்தது அந்த நீல டப்பா. அதுக்குள்ள இருக்கற சிப்போட மூலம் சீனா இல்லை, கனடா. எல்ம் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு சின்னக் கம்பெனி செஞ்ச எல்ம் 327. வண்டிக் கம்பெனிக்குக் கம்பெனி தகவல் அனுப்பற முறை வேற வேற. அதையெல்லாம் சாதாரண எழுத்தா மாத்திக் குடுக்கற மொழிபெயர்ப்பாளர் வேலைதான் அது பார்க்கறது. முதல் பதிப்பை நகல் எடுக்க முடியாதபடி அவங்க பூட்டாம விட்டுட்டாங்க. அதை நகலெடுத்து நகலெடுத்துத்தான் 300, 500, 800-ன்னு உலகம் பூரா விக்குது. நகல் எடுத்தது நியாயமான்னு கேட்டா நியாயம் இல்லைதான். ஆனா பூட்டாம விட்ட அந்த ஒரு சிப்புதான் தெருமுனை மெக்கானிக்குக்கு எழுத்தறிவு குடுத்துச்சுங்கறதும் நிஜம்.

"உடைஞ்ச டேப்ல எப்படி மாமா ஓடும்?" ஓடும்டா தம்பி. வண்டி அனுப்பறது சினிமா இல்லை, எழுத்து. "அழுத்தம் எவ்வளவு?"ன்னு டேப் கேட்கும், "இவ்வளவு"ன்னு வண்டி சொல்லும். ஒரு எஸ்.எம்.எஸ். அளவுதான் ஒவ்வொரு பதிலும். அதுக்கு ஒரு ஜிபி ரேம் போதும். நீங்க புது மாடல் வந்துருச்சுன்னு டிராயர்ல தூக்கிப் போட்ட ஆண்ட்ராய்டு போன் எதுவா இருந்தாலும் தாராளமாப் போதும். ஐபோன்காரங்க மட்டும் கவனிங்க. மலிவான பழைய புளூடூத் டப்பா அதுல சேராது. வைஃபை டப்பாவோ, பிஎல்இ வகை புளூடூத் டப்பாவோ பார்த்து வாங்கணும். டார்க், கார் ஸ்கேனர் மாதிரி ஆப் எல்லாம் பிளே ஸ்டோர்லயே இருக்கு.

ரிஸ்க் இல்லையான்னா, இருக்கு. அதை மறைச்சா நானும் "வழக்கம் இல்லை"ங்கற ஆள்தான். மலிவு டப்பாவுல பாதி அரைகுறை. வெளிய 2.1-ன்னு ஒட்டியிருக்கும், உள்ள பாதிக் கட்டளை வேலை செய்யாது. உங்க வண்டியோட பேசினா அதிர்ஷ்டம். புளூடூத் பின் பெரும்பாலும் 1234. சொருகினபடியே விட்டுட்டுப் போனா பக்கத்துல நிக்கறவன் எவன் வேணா சேர்ந்துக்கலாம், பேட்டரியையும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். பார்த்ததும் கழட்டிருங்க. ஓட்டிக்கிட்டே டேப்பைப் பார்க்காதீங்க. டெலிகிராம்ல கிராக் பண்ண கம்பெனி சாஃப்ட்வேர்னு வர்றதைத் தொடவே தொடாதீங்க. அதுல வண்டி திறக்குதோ இல்லையோ, உங்க பேங்க் கணக்கு திறந்துரும்.

பெரிய ரிஸ்க்கு டப்பாவுல இல்லை, நம்ம விரல்ல இருக்கு. ஆப்ல "கோடை அழி"ன்னு ஒரு பட்டன் வரும். அதை அமுக்கினா மஞ்ச விளக்கு அணைஞ்சுரும், மனசு குளுந்துரும். நானும் அமுக்கினேன். டேப் கைக்கு வந்த புதுசுல, ஆடி மாசம், வேற ஏதோ கோடு வந்துச்சு. என்னன்னு எழுதிக்கூட வெக்காம அழிச்சுட்டேன். ஒரு வாரத்துல திரும்ப எரிஞ்சுது, திரும்ப அழிச்சேன். மூணாவது தடவை பாய்கிட்ட போனேன். திட்டின திட்டுல பட்டறையில இருந்த மத்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. கோளாறு வந்த நொடியில வேகம் என்ன, சூடு என்ன, லோடு எவ்வளவுன்னு வண்டி ஒரு போட்டோ மாதிரி பிடிச்சு வெச்சிருக்குமாம். கோடை அழிச்சா அதுவும் சேர்ந்து அழிஞ்சுரும். "டாக்டர் வர்றதுக்குள்ள ரிப்போர்ட்டைக் கிழிச்சு அடுப்புல போட்ட மாதிரி பண்ணியிருக்கீங்க அண்ணே"ன்னார். அதுலேர்ந்து முதல்ல ஸ்கிரீன்ஷாட், அப்புறம்தான் மத்ததெல்லாம்.

இந்த அழிக்கற வித்தையில எங்களை விட நீங்க கெட்டிக்காரங்க, அதையும் சொல்லிடறேன். டவுன்ல பத்து வருஷம் ஓட்டி, மஞ்ச விளக்கு எரிய ஆரம்பிச்சதும் அதை அணைச்சுட்டு "சிங்கிள் ஓனர், சூப்பர் கண்டிஷன்"ன்னு கிராமத்துக்காரன் தலையில கட்டற வண்டி எத்தனை! அதுக்கும் இந்த டப்பாதான் மருந்து. கோடு அழிச்சா வண்டியோட சுய சோதனைகளும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ஆப்ல "ரெடினஸ்"னு ஒரு பக்கம் இருக்கும். அதுல பாதிக்கு மேல "முடியலை"ன்னு காட்டினா, சமீபத்துல கோடு அழிச்சிருக்கணும், இல்லை பேட்டரி கழட்டியிருக்கணும். எங்க ஊர்ல இப்ப பழைய வண்டி வாங்கப் போறவங்க எலுமிச்சம்பழத்தோட பட்டறைப் பையனையும் டேப்போட கூட்டிட்டுத்தான் போறாங்க.

இனி "கம்பெனியில விட்டா முடிஞ்சுது"ங்கற பேச்சு. உங்களுக்கு சர்வீஸ் ரெண்டு சிக்னல் தள்ளி இருக்கு. வண்டி ஒரு நாள் இல்லைன்னா ஆட்டோ, ஓலா, மெட்ரோ. எனக்கு 46 கிலோமீட்டர். வண்டி ஆறு நாள் நின்னா செடியில தக்காளி நிக்காது. பழுக்கற காய்கிட்ட போயி "பம்பு இன்னும் வரலை, கொஞ்சம் பொறு"ன்னு சொல்ல முடியுமா? ஒரே அறிவுரை ரெண்டு பேருக்கும் பொருந்தாது.

இன்னொரு வேடிக்கை. விவசாயி கையில டேப்லெட் குடுத்து, பின்னாடி டிரோன் பறக்கற மாதிரி போட்டோ எடுத்து "டிஜிட்டல் விவசாயம்"னு போட்டா நீங்க எல்லாரும் ஷேர் பண்றீங்க. அதே விவசாயி அதே டேப்பைத் தன் சொந்த வண்டியில சொருகினா "உங்களுக்கு எதுக்கு மாமா இது"ங்கறீங்க. அடுத்தவன் விக்கறதைப் பார்க்கத்தான் எங்களுக்கு ஸ்கிரீன், எங்க சொத்தை நாங்க பார்க்க இல்லை போல.

"அப்ப கம்பெனியே வேண்டாமா?" வேணும். இங்கதான் என் டேப் கையை விரிக்குது. பாயால இன்ஜெக்டரைக் கழட்டி மாட்ட முடியும். ஆனா நிறைய வண்டியில புது இன்ஜெக்டர் மேல பொறிச்சிருக்கற நம்பரை இன்ஜின் கம்ப்யூட்டருக்குள்ள எழுதணும். எழுதலைன்னா வண்டி ஒழுங்கா ஓடாது. அதை எழுத என் ஆப்புக்கு அனுமதி இல்லை. பிஎஸ் 6 டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர் அடைச்சா, வண்டியை நிறுத்தி வெச்சே சூடேத்தி எரிக்கற முறை ஒண்ணு இருக்கு. அதை ஆரம்பிக்கற கட்டளையும் பெரும்பாலும் கம்பெனி சாஃப்ட்வேர்லதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவன் கையைக் கட்டற பூட்டு இரும்புல இல்லை, சாஃப்ட்வேர்ல இருக்கு. எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கற பெரிய ஸ்கேனர் வாங்கணும்னா லட்சக்கணக்குல ஆகும். பாய் பட்டறையோட தகரக் கூரையையும் சேர்த்து வித்தாலும் பத்தாது.

இது நான் மட்டும் சொல்ற புலம்பல் இல்லை. 2014 ஆகஸ்ட்ல நம்ம நாட்டுப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. அசல் உதிரி பாகமும், கோளாறு பார்க்கற கருவியும், ரிப்பேர் புத்தகமும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காம வெச்சதுக்குத்தான். வெளிய ரிப்பேர் பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியும் போச்சுன்னு பொத்தாம் பொதுவா சொல்லக் கூடாதுன்னும் அந்த உத்தரவுலயே இருக்கு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2022 ஜூலையில மத்திய அரசோட நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டுச்சு. அதுல எடுத்துக்கிட்ட நாலு துறையில விவசாயக் கருவியும் ஒண்ணு, வாகனமும் ஒண்ணு. அந்த வருஷக் கடைசியில ஒரு இணையதளமும் தொடங்கினாங்க. இத்தனைக்கும் பிறகு, 1,416 ரூவா கட்டின எனக்கு ஒரு நம்பர் எழுதிக் குடுக்க ஆள் இல்லை.

அமெரிக்காவுலயும் இதே சண்டைதான். மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012-லயே வண்டி பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் வந்துச்சு. கொலராடோவுல விவசாய இயந்திரத்துக்குன்னே 2023-ல சட்டம் போட்டு, 2024 ஜனவரி 1-லேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தாங்க. ஆயிரம் ஏக்கர் வெச்சிருக்கறவனும் அறுப்பு நாள்ல டிராக்டர் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு, கம்பெனி ஆள் லேப்டாப்போட வர்ற வரைக்கும் காத்துக் கிடந்திருக்கான். நாலு ஏக்கர்காரன் நான் எம்மாத்திரம்?

திறந்து விட்டா திருடன் வண்டியைத் தூக்கிருவான், புகைக் கட்டுப்பாட்டை ஆளாளுக்குக் கழட்டிருவாங்கன்னு கம்பெனி தரப்புல சொல்றாங்க. அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. சாவி சம்பந்தப்பட்டதையும் புகை சம்பந்தப்பட்டதையும் பூட்டியே வெச்சுக்கங்க, வேண்டாங்கலை. ஆனா படிக்கறது வேற, எழுதறது வேற. என் வண்டி என்ன சொல்லுதுன்னு படிக்கறதுல எந்தத் திருடனுக்கு என்ன லாபம்?

நான் கேட்கறது பெரிசா ஒண்ணும் இல்லை. ஸ்கேன் பண்ணக் காசு வாங்கினா, வந்த கோடை பில்லுலயே அச்சடிச்சுக் குடுக்கணும். பி 1-ன்னு ஆரம்பிக்கற கம்பெனி பாஷைக் கோடுகளுக்கு அர்த்தத்தை, வண்டியோட குடுக்கற புத்தகத்துல தமிழ்ல போடணும். இன்ஜெக்டர் நம்பர் எழுதற மாதிரி அவசியமான வேலைகளுக்குச் சாஃப்ட்வேரை, ஊர்ப் பட்டறை தாங்கற வாடகைக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவுன்னாவது குடுக்கணும். ஐ.டி.ஐ. படிச்சுட்டு வர்ற பசங்களுக்கு இதைப் படிக்கக் கத்துக் குடுக்கணும். பாய்கிட்ட இருக்கற காதும் இந்தப் பையன்கிட்ட இருக்கற டேப்பும் ஒரே பட்டறையில சேர்ந்ததாலதான் என் பம்பு தப்பிச்சுது. ஒண்ணு மட்டும் இருந்திருந்தா நடந்திருக்காது. டேப் சொன்னது அழுத்தம் குறைவுங்கறது மட்டும்தான். ஃபில்டரைத் திறக்கச் சொன்னது பாய்.

நகரத்துல இருக்கற உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். எங்களை மாதிரி நாலு பேர் கேட்டா "வழக்கம் இல்லை"ன்னுதான் சொல்லுவாங்க. காரை வாராவாரம் வாசல்ல நிறுத்தற நீங்க நாலாயிரம் பேர் கேட்டா வழக்கம் மாறும். அடுத்த தடவை மஞ்ச விளக்கு எரிஞ்சு சர்வீஸுக்கு விட்டா, பில் கட்டறதுக்கு முன்னாடி "என்ன கோடு வந்துச்சு? எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க. குடுக்கலைன்னா, குடுக்க முடியாதுங்கறதையாவது எழுதிக் கேளுங்க. டிராயர்ல தூங்கற பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்தா அழிச்சுச் சுத்தம் பண்ணி, ஊர்ப்பக்கம் வர்றப்ப உங்க சொந்த ஊர்ப் பட்டறையில குடுத்துட்டுப் போங்க.

என் டீசல் டிரம்மை அன்னைக்கே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன். கிலோ கணக்குல 600 ரூவா வந்துச்சு. அதுல சொந்தமா ஒரு நீல டப்பா வாங்கி, டேப்போட சேர்த்து மஞ்சப் பையில போட்டு சீட்டுக்குப் பின்னாடி மாட்டியிருக்கேன். அந்தப் பைதான் வளைகாப்புக்கும் வந்துச்சு. மருமகனே, நீ இதைப் படிச்சா, தீபாவளிக்கு வர்றப்ப உன் காரைப் பட்டறைப் பக்கம் கொண்டா. சும்மா ஒரு தடவை சொருகிப் பார்த்துருவோம்.